விவசாய மானியம் யார் கைக்குப் போகிறது? தமிழ்நாட்டுக் கிராமத்தில் புதிதாக விவசாயத்தில் இறங்குபவர்களுக்கு

மானியத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. உள்ளே தாத்தா காலத்துப் பத்திரம், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நாலைந்து, கரண்டு சர்வீஸ் அட்டை, சொசைட்டி (கூட்டுறவுக் கடன் சங்கம்) பாஸ்புக், எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. திண்ணையில் கொட்டிப் பார்த்தால் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும். பட்டா அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். கரண்டு சர்வீஸ் இறந்துபோன பாட்டி பெயரில். கழனியில் பயிர் வைப்பதோ வந்தவரின் மனைவி. "இதுல எது இருந்தா காசு வரும்?" என்று கேட்பார்.

சரியான கேள்வி. யார் உழுகிறார் என்று எந்த மானியமும் வரப்பில் வந்து நின்று பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைக் கேட்கிறது. அந்தக் காகிதத்தில் யார் பெயரோ அவர் கைக்குப் போகிறது. ஒரே ஒரு காணி நிலத்தில் பட்டாதாரருக்கு ஒரு மானியம், கிணற்றுக்காரருக்கு ஒன்று, சொசைட்டி உறுப்பினருக்கு ஒன்று என்று மூன்று வீட்டுக்குப் பிரிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஊர் திரும்பி நிலத்தில் இறங்குகிறவர்கள் திட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பெயர் எந்தெந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

எந்தப் பணம் யாரைத் தேடுகிறது

உரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், அதற்குத்தான் காகிதம் குறைவு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அடக்க விலை அதைவிடப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு உரக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி மெஷினில் விரல் வைத்தால் மூட்டை உங்களுடையது. பட்டா வேண்டாம், அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் இருக்கும் பதிவு) வேண்டாம். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவருக்கும் கிடைக்கும்.

தடை வேறு இடத்தில் வரும். நாற்று நட்டு, களை பிடுங்கி, ரேகை தேய்ந்த விரலை மெஷின் படிக்காது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கடையில் ஒரு பெரியம்மா புடவைத் தலைப்பில் கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து ஐந்து தடவை வைத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. கடைசியில் பின்னால் நின்ற பையன் தன் ஆதார் எண்ணைச் சொல்லி, தன் விரலை வைத்து அவருக்கு இரண்டு மூட்டை எடுத்துக் கொடுத்தான். அரசுக் கணக்கில் அந்த உர மானியத்தைப் பெற்ற விவசாயி அந்தப் பையன்தான். அவனுக்கு நிலமே கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி நடந்தால் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கவும் முடியும். பில்லை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். யூரியா வேண்டுமென்றால் கூடவே நுண்ணூட்டப் பாக்கெட்டும் வாங்கியாக வேண்டும் என்று தலையில் கட்டுகிற கடைகள் உண்டு. பில் கையில் இருந்தால் பேசலாம்.

இலவச மின்சாரம் கிணற்றைத் தேடி வருவது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு வந்து, 1990-ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. நிலம் எவ்வளவு என்ற கேள்வியே இங்கே இல்லை. கிணறும் சர்வீஸும் இருந்தால் கரண்டு இலவசம். ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் வைத்திருப்பவருக்கு மானியமும் அதற்கேற்பப் பெரியது. கிணறு இல்லாத பக்கத்துக் கொல்லைக்காரர் அதே தண்ணீரை மணிக்கு இவ்வளவு என்றோ விளைச்சலில் பங்கு என்றோ கொடுத்து வாங்குவார். கரண்டு இலவசம், தண்ணீர் இலவசம் இல்லை. புதிதாக இணைப்பு கேட்டால் பொது வரிசையில் பல வருடம் காத்திருக்க வேண்டும். தட்கல் அறிவிக்கும்போது 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம், 10 குதிரைத்திறனுக்கு 3 லட்சம் ரூபாய் என்று கட்டியவர்கள் முந்திக்கொண்டார்கள். நிலம் வாங்கப் போகிறீர்கள் என்றால் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது, கிணற்றில் எத்தனை பங்கு என்று பத்திரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் சண்டைதான்.

கூட்டுறவுக் கடன் சொசைட்டி உறுப்பினரைத் தேடுகிறது. பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி முழுவதையும் அரசு ஏற்கிறது. கடன் தள்ளுபடி வந்தாலும் அதே பாதையில்தான் வரும். 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் தள்ளுபடி. 2021-ல் நில அளவு பார்க்காமல் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். இரண்டு முறையும் வியாபாரியிடம் கைமாற்று வாங்கிப் பயிர் வைத்தவருக்கு ஒரு பைசா தள்ளுபடி இல்லை, அவர் பெயர் சொசைட்டிக் கணக்கில் இல்லாததால். ஊருக்கு வந்த முதல் மாதமே சொசைட்டியில் உறுப்பினராகிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடன் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம்.

மற்றவை எல்லாம் பட்டா, அடங்கல் என்ற இரண்டு காகிதங்களில் வந்து முடியும்.

சிட்டாவைப் படியுங்கள்

நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்று காட்டும் பதிவுதான் சிட்டா. இதில் ஒரு மணி நேரம் செலவழித்தால் பிறகு ஆறு மாத அலைச்சல் மிச்சம். தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ சர்வே எண்ணோ போட்டால் சிட்டா வந்துவிடும். காசு இல்லை.

மேலே உரிமையாளர் பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் 'முருகேசன்' என்றும் சிட்டாவில் 'முருகேச கவுண்டர்' என்றும் இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். தாத்தா பெயர் இன்னும் இருந்தால், சட்டப்படி நிலம் உங்களுக்கு வந்துவிட்டிருந்தாலும் மானியத்தின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

கீழே கட்டங்கள்: புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், பரப்பு, தீர்வை (நில வரி). பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருப்பதால் ஏக்கர், காணி என்று பேசிப் பழகியவர்கள் இங்கே குழம்பிவிடுவார்கள். '0 - 40.50' என்றால் பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர். அதுதான் ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். எங்கள் பக்கத்துக் காணி 132 சென்ட், ஆக சிட்டாவில் ஏறத்தாழ '0 - 53.50' என்று வரும். எல்லா உட்பிரிவையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை 2.5 ஏக்கருக்குள் இருந்தால் நீங்கள் குறு விவசாயி, 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி, அதற்கு மேல் இதர விவசாயி. மானியம் எத்தனை சதவீதம் என்பது இந்தக் கூட்டலில்தான் முடிவாகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 79.38 லட்சம் கைப்பற்றுகள் (ஒருவர் கையில் இருக்கும் சாகுபடி நிலம் மொத்தமும் ஒரு கைப்பற்று). சராசரி அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு வகைதான். ஆக, நீங்களும் அநேகமாக இந்த வரிசைதான்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பரப்பு மொத்தமாகத்தான் இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று சிட்டா சொல்லாது. ஐந்து அண்ணன் தம்பி சேர்ந்த எட்டு ஏக்கர் கூட்டுப் பட்டாவில், ஆளுக்கு 1.6 ஏக்கர்தான் என்றாலும், முதல் பார்வைக்கு எல்லோரும் பெரிய விவசாயி. சான்றிதழ் கேட்கும்போது உங்கள் பங்கை விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) எழுதித் தர வேண்டியிருக்கும். மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். ஒத்துப்போகிற குடும்பமாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுவதே நல்லது.

பெயர் மாற்றம்

அப்பா பெயரிலேயே இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார் என்றால் முதலில் இறப்புச் சான்றிதழ், அடுத்து தாசில்தார் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ், அதன் பிறகு பட்டா மாறுதல் மனு. இரண்டு மனுக்களையும் இ-சேவை மையத்தில் போடலாம். நிலத்தைப் பிரிக்காமல் பெயர் மட்டும் மாற்றுவது சுலபம். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளந்து கல் போட வேண்டும், நாள் ஆகும். மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நிலுவையில் கிடந்தால் வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் அந்த எண்ணோடு போய் நில்லுங்கள். ஊர்க் கணக்குகளை மேலதிகாரி முன்னால் விரித்து வைக்கிற நாட்கள் அவை, ஒரு பதிலாவது கிடைக்கும்.

வாரிசுச் சான்றிதழில் அக்கா, தங்கை பெயர்களும் வரும், வர வேண்டும். கிராமத்தில் இதன் அடுத்த காட்சி எல்லோருக்கும் தெரியும்: ஒரு புடவை, கொஞ்சம் ரொக்கம், தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம். அந்தக் கையெழுத்தோடு அந்தப் பெண்ணின் பெயர் எல்லா மானியப் பட்டியலிலிருந்தும் போய்விடுகிறது. மருமகளாகப் போன வீட்டிலும் பட்டா அவர் பெயரில் இருக்காது. 2015-16 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் பெயரில் இருந்த கைப்பற்றுகள் 14 சதவீதம்தான். களை எடுக்கும் கூட்டத்தில் எத்தனை ஆண்கள் நிற்கிறார்கள் என்று ஒருநாள் வரப்பில் நின்று எண்ணிப் பாருங்கள். கருவி மானியத்தில் பெண் விவசாயிக்குக் கூடுதல் சதவீதம் இருக்கிறது. அதை வாங்கப் பெண் பெயரில் பட்டா வேண்டும்.

அடங்கலில் உங்கள் பயிர் இருக்கிறதா?

நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அதில் இந்தப் பசலியில் என்ன பயிர் என்று அடங்கல் சொல்லும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. விதைத்த பிறகுதான் அடங்கல் கேட்க வேண்டும். போன பசலி அடங்கலை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) நிற்க, அடங்கலில் தரிசு என்று இருப்பது அபூர்வம் இல்லை, போன வருடத்துப் பதிவையே திரும்ப எழுதுகிற பழக்கம் உண்டு. பயிரோடு நிற்கிற நிலத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விஏஓவைப் பாருங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்கு இது உயிர்நாடி. நெல்லுக்குப் பருவத்தைப் பொறுத்து காப்பீட்டுத் தொகையில் 2 அல்லது 1.5 சதவீதம் நீங்கள் கட்டுகிறீர்கள், தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். மீதி பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன, அதுவும் மானியம்தான். இழப்பீட்டைப் பெரும்பாலும் ஊரளவில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையை வைத்து முடிவு செய்வதால், உங்கள் கழனி மட்டும் மூழ்கி ஊர் முழுக்க நன்றாக விளைந்திருந்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15 வாக்கில் வரும். அன்றைக்கு இ-சேவை மையத்தில் சர்வர் நிச்சயம் படுத்துக்கொள்ளும். பத்து நாள் முன்னாலேயே கட்டிவிடுங்கள்.

நெல்லை அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடவும் அடங்கல் வேண்டும். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. இதில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்தி. விவசாயியின் அடங்கலை வாங்கி வைத்துக்கொண்டு வியாபாரி தன் மூட்டைகளைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. யாராவது "அடங்கல் மட்டும் குடுங்க, ஒரு தொகை தர்றேன்" என்று கேட்டால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிஎம் கிசான்: யாருக்கு வரும், யாருக்கு வராது

ஊரில் அதிகம் பேசப்படுவது, மத்திய அரசு நிலத்துக்காரர்களின் வங்கிக் கணக்கில் போடும் இந்த உதவித்தொகைதான். வருடம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 5 ஏக்கருக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். அதே வருடம் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அரை ஏக்கர்க்காரருக்கும் 6,000, ஐம்பது ஏக்கர்க்காரருக்கும் 6,000.

ஊர் திரும்பியவர்கள் வழுக்கி விழுகிற இடங்கள் மூன்று. ஒன்று, 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலம் கணக்கில் வராது. இறப்பால் வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு, கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியிருந்தால் கிடையாது. ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த அடுத்த மாதமே விண்ணப்பிக்கிறவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். மூன்று, குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். இருவர் பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான். இவை தவிர அரசு ஊழியர்கள், 10,000 ரூபாயும் அதற்கு மேலும் மாத ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் (கடைநிலை ஊழியர்கள் நீங்கலாக), தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர், எம்.எல்.ஏ., எம்.பி. ஆகியோருக்கும் இல்லை. தகுதி இல்லாமல் வாங்கினால் திரும்பக் கேட்பார்கள். 2020-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் வெடித்த விவகாரம் நினைவிருக்கலாம். அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியே போய், மாநிலம் முழுக்கத் தகுதியே இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவாகி, சிபிசிஐடி விசாரணை வரை போனது. பணம் வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டோம் என்றே தெரியாது. "கொரோனா பணம் வருது, ஆதார் குடுங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

விண்ணப்பித்து ஏற்கப்பட்டும் பணம் வரவில்லையா? பிஎம் கிசான் இணையதளத்தில் உங்கள் நிலையைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள்: நிலப் பதிவு இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), ஆதார் வங்கி இணைப்பு. மூன்றிலும் 'ஆம்' இருக்க வேண்டும். முதலாவது இல்லையென்றால் வேளாண் அலுவலகம், இரண்டாவதற்கு இ-சேவை மையம் அல்லது மொபைல் செயலி, மூன்றாவதற்கு வங்கி. வங்கியில் "ஆதார் குடுத்தாச்சே" என்று நாம் சொல்வோம், அவர்களும் தலையாட்டுவார்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் ஆதார் வழியாக வந்து விழுகிற கணக்காக அது இருப்பது வேறு. ஒருவருக்கு இரண்டாவது வகைக் கணக்கு ஒன்றுதான் இருக்க முடியும், அநேகமாகக் கடைசியாக இணைத்த கணக்கு. நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் இரண்டு வருடத் தவணை சேர்ந்து கிடந்ததை ஒரு அக்காவுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த காபி ஸ்ட்ராங்காக இருந்தது. சந்தேகத்துக்கு உதவி எண் 155261.

2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், ஆதாரோடு இணைந்த மொபைல், சிட்டா மூன்றும் போதும். பதிந்துகொள்ளுங்கள், புதிதாக விண்ணப்பிப்பவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சொட்டு நீரும் கருவிகளும்

சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், 5 ஏக்கர் வரை. மற்றவர்களுக்கு 75 சதவீதம், 12.5 ஏக்கர் வரை. கருவிகளுக்குப் பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு, பெண், பட்டியலின, பழங்குடி விவசாயிகளுக்கு 50. பட்டியலின, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு இன்னும் 20 சேர்த்து 70 ஆக்குகிறது. இந்த வித்தியாசத்தைப் பெறச் சிறு குறு விவசாயி சான்றிதழ் வேண்டும்; இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகரும்.

விதை, உயிர் உரத்துக்கு வட்டாரத்தில் உள்ள வேளாண் விரிவாக்க மையம். ஊரில் டிப்போ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். காய்கறி, பழம், பூ என்றால் தோட்டக்கலை அலுவலகம். டிராக்டர், பவர் டில்லர், களையெடுக்கும் கருவி என்றால் வேளாண் பொறியியல் துறை. மூன்றும் வேறு வேறு கட்டடம், சில இடங்களில் வேறு வேறு ஊர். அரசின் 'உழவன்' செயலியில் முன்பதிவு செய்துவிட்டு, அப்படியே விடாமல் உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலரை நேரில் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிடுங்கள். கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளை வருடம் வருடமாகப் பிரித்து எடுத்தார்கள். உங்கள் ஊராட்சி எந்த வருடப் பட்டியல் என்பது அவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

நூறு சதவீதம் என்றால் ஓசி என்று நினைத்துவிடாதீர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பீடு உண்டு, அதைத் தாண்டிக் கம்பெனி ஆள் எழுதுகிற கூடுதல் பொருளுக்கு உங்கள் பாக்கெட்தான். எனக்கு ஒரு கம்பெனியின் ஆள் ஃபில்டரே வைக்காமல் குழாயை மட்டும் விரித்துவிட்டு, "கையெழுத்துப் போடுங்க சார், அப்புறம் வந்து வைக்கிறேன்" என்றார். போட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஒரே நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு வருடம் ஆக வேண்டும். மோட்டாரை ஓட்டி, கடைசி வரிசையின் கடைசிச் சொட்டி வரை நடந்து பார்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கருவி மானியத்தில் உங்கள் பங்குப் பணம் கையில் தயாராக இருக்க வேண்டும். கருவியின் விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பாதி மானியம் போக ஒரு லட்சம். சில திட்டங்களில் முழு விலையையும் முதலில் கட்டி, கருவியை வந்து பார்த்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். அறிவிப்பு வந்து இரண்டு வாரத்தில் அந்தப் பணத்தைப் புரட்ட முடிகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்? கருவிப் பட்டியலில் வருடா வருடம் அதே ஏழெட்டு வீடுகள் வருவதற்கு லஞ்சம்தான் காரணம் என்று டீக்கடையில் சொல்வார்கள். என் கணக்கில் பெரிய காரணம் இந்தக் கைப்பணம்.

குத்தகைக்குப் பயிர் வைக்கிறீர்களா?

இங்கே நல்ல செய்தி குறைவு. வாய்ப்பேச்சுக் குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு), போக்கியம் எதுவானாலும் பிஎம் கிசான் நிலத்துக்காரருக்குத்தான் போகும், அவர் சென்னையில் குடியிருந்தாலும். உரம் கிடைக்கும். காப்பீடும் கொள்முதலும் குத்தகைதாரருக்கும் உரியவை, ஆனால் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று விஏஓ சான்று தர வேண்டும். நிலத்துக்காரர் மறுத்தால் விஏஓ தயங்குவார். சொட்டு நீருக்கு ஏழு வருடப் பதிவுக் குத்தகை கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலும், குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969 முதலும் இருக்கின்றன. அந்தச் சட்டங்கள் இருப்பதால்தான் நிலத்துக்காரர்கள் எழுதித் தர பயப்படுகிறார்கள் என்பதுதான் நடைமுறை. கோயில் நிலக் குத்தகைதாரர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள், குத்தகை கட்டிய ரசீது அவர்கள் பெயரில் இருக்கும். ஒன்றைக்கூடத் தொலைத்துவிடக் கூடாது. தனியார் நிலம் என்றால், பேசும்போதே "காப்பீட்டுக்கும் நெல் போடவும் விஏஓகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு இழப்பீடு யாருக்கு என்ற பேச்சு எழுந்தால் அண்ணன் மாறிவிடுவார்.

உங்கள் ஊரில் யாருக்குப் போனது என்று பார்க்க

இதைக் கேட்க யாருடைய தயவும் வேண்டாம். பிஎம் கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பயனாளிகள் பட்டியல் வரும். முதல்முறை பார்க்கும்போது ஒரு பேனா, காகிதத்தோடு உட்காருங்கள். இறந்தவர்கள், ஊரில் இல்லாதவர்கள், பெயர் இருக்க வேண்டியும் இல்லாதவர்கள் என்று மூன்று பத்தி. பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அதனால் மனுவும் நகராது, ஊரும் இரண்டாகிவிடும்.

மற்ற திட்டங்களுக்கு ஆர்டிஐ. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(ஆ) பிரிவிலேயே இருக்கிறது. வெளியிடாதபோது கேட்டு வாங்கலாம். 'பொதுத் தகவல் அலுவலர், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம்' என்று முகவரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி அனுப்புங்கள். "ஏன் எங்கள் ஊருக்குக் கொடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை என்பார்கள். "2024-25 நிதியாண்டில் இன்ன ஊராட்சியில் மானியம் பெற்ற பயனாளிகளின் பட்டியல், திட்டம் வாரியாக, தொகையுடன்" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்நிலை அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேளாண் துறையிலிருந்து யாராவது வந்து பயனாளிகள் விவரத்தைப் படிப்பார்கள், வேகமாகப் படிப்பார்கள். எழுந்து நின்று, "பட்டியல் ஜெராக்ஸ் ஒண்ணு பஞ்சாயத்து போர்டுல ஒட்டிடுங்க சார், தீர்மானத்துலயும் எழுதிடுங்க" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே பேசலாம். ஒட்டவில்லையென்றால், மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தீர்மான நகலோடு போங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றில் சீல் போட்டு வாங்கி மஞ்சள் பைக்குள் வையுங்கள்.